தெலுங்கில் சொல்லாமல் விட்ட வாக்கியம்

அண்ணே,

சனிக்கிழமை மத்தியானம் மைக்செட்காரர் வந்து, வழக்கம்போல மேடையில் இரண்டு மைக்கை நிறுத்திவிட்டு, "சித்தூர் சார் இன்னும் வரலையா?" என்று உங்களைத்தான் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னதும் அவர் ஒரு மைக்கை எடுக்கப் போனார். "இருக்கட்டும், விடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த இரண்டாவது மைக்கைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இந்த மடல்.

திருப்பதியில் இந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு பேச்சு என்று ஆரம்பித்தபோது, தமிழிலா தெலுங்கிலா என்பதிலேயே கமிட்டி இரண்டு கூட்டத்தை ஓட்டிவிட்டது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று வேண்டும், மீதிப் பேருக்கு மற்றொன்று. நீங்கள்தான், எங்கள் சபையில் கன்வென்ஷனுக்கு என்ன செய்கிறோமோ அதையே செய்தால் போகிறது என்றீர்கள். ஒருவர் ஒரு வாக்கியம் பேசுவார், பக்கத்தில் நிற்பவர் அதை எடுத்துத் தெலுங்கில் சொல்வார், அவ்வளவுதான். ஆயுசு முழுக்கப் பிரசங்கிகளுக்குப் பக்கத்தில் அப்படி நின்று பழகியவர் நீங்கள். நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். கண்காட்சிக்குப் படம் எடுத்துக் கொடுக்க வந்தவனை மேடையில் ஏற்றிவிட்டீர்கள்.

முதல் பேச்சில் நான் ஒரே மூச்சில் அரைப் பக்கம் பேசிவிட்டுத் திரும்பினேன். நீங்கள் வெள்ளைச் சட்டையில், ஜெபத்துக்கு நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, அரையடி பின்னால் நின்றபடி என்னையே பார்த்தீர்கள். பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு, "ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம்யா. அதுக்கு மேல போனா ரெண்டாவது பாதி உன்னுது இல்ல, என்னுது" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் ஒழுங்காக நிறுத்தி நிறுத்திப் பேசக் கற்றுக்கொண்டேன். நீங்களும் எல்லாவற்றிலும் ஒழுங்காக இருந்தீர்கள் என்று சொல்ல முடியாது. ஏரி மதகுகளைப் பற்றிய பேச்சின் முடிவில் நான் நன்றி, வணக்கம் என்றதும், பழக்கதோஷத்தில் நீங்கள் "தேவுனிகி ஸ்தோத்ரம்" என்று முடித்தீர்கள். உங்கள் சபைக்காரர்கள் நாலு பேர் பின்வரிசையிலிருந்து ஆமென் என்றார்கள். கமிட்டிச் செயலாளர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கிணறுகளைப் பற்றிய கண்காட்சிக்கு நாம் இருவரும்தான் வரதய்யபாளையத்துப் பக்கம் என் ஊருக்குப் போனோம். மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கவலைச் சால் ஒன்று பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அந்த வீட்டுக்காரருக்கு எண்பது வயதிருக்கும். கேட்டவுடனே கொடுத்தார். ஆளை விட்டுத் துடைத்து, எண்ணெய் தடவி, ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நீங்கள் அவரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்த வீட்டுக் கிணற்றைப் படமெடுத்தேன். ஊருக்கே குடிதண்ணீர்க் கிணறு அப்போது அதுதான். திரும்பி வரும்போது ஏர்பேட்டில் டீ குடித்தோம். அங்கேதான் உங்களிடம் சொன்னேன், என் அம்மா அந்தக் கிணற்றோரம் நின்ற கதையை. நீங்கள் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டீர்கள். பேச்சில் இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான், மறந்துவிடாதீர்கள்.

தொடக்க நாள் பேச்சுக்குப் பெரிய வீட்டுக்காரரையும் அழைத்திருந்தோம். முன்வரிசையில் வேட்டியும் துண்டுமாக வந்து உட்கார்ந்தார். கிணற்றுப் படத்துக்குப் பக்கத்தில் நின்று நான் தயார் செய்திருந்ததைத் தமிழில் சொன்னேன். "எங்க ஆளுங்க இந்தக் கிணத்துல கயிறு எறக்கக் கூடாது. யாராவது வந்து ஊத்தற வரைக்கும் கொடத்தோட ஓரமா நிக்கணும். எங்கம்மா நின்னாங்க." சொல்லிவிட்டு நிறுத்தினேன். நீங்கள் முன்வரிசையை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு, "ஆ ரோஜுல்லோ நீள்ளகு சாலா கஷ்டங்கா உண்டேதி" என்றீர்கள். அந்தக் காலத்தில் தண்ணீருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவுதான். தெலுங்குக்காரர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் மேடையில் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும்? அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன்.

பேருந்து நிலையத்தில் உங்களை நான் விட்டேனா? சித்தூர் பஸ் வரும்வரை பிடித்துக்கொண்டேன். நான் சொன்னதைச் சொல்வதுதானே உங்கள் வேலை, அதில் பாதியை விழுங்க யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்தில் மாம்பழக் கூடையோடு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் மெதுவாக, "அவரு நாம கூப்ட்டு வந்தவரு. சால் குடுத்தவரு. எதிர்ல உக்காந்துக்கினு இருக்காரு. நான் இன்னா பண்றது?" என்றீர்கள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நீங்கள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையைக் காட்டினீர்கள். நான் காட்டவில்லை.

எனக்கு அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் நீங்கள் மட்டுமில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மா முதலில் கேட்டதே அதைத்தான். கிணற்றுக் கதையைச் சொன்னாயா என்றார்கள். சொன்னேன் என்றேன். "தமிழ்ல சொன்னா நமக்குள்ள சொல்லிக்கினு இருக்கறதுதான். அதத்தான் எப்பவும் சொல்லிக்கினு இருக்கறோம். தெலுங்குல சொன்னியா? அவங்க பாஷையில?" இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அம்மா எழுந்து சோறு போட்டார்கள். அவர்கள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் நீங்களே ஸ்டுடியோவுக்கு வந்து, பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். படம் எடுக்க வந்தவர் மாதிரி நேராக உட்கார்ந்து விளக்கைப் பார்த்தபடியே பேசினீர்கள். "எடுத்துச் சொல்றவன் ரெண்டு பக்கத்துக்கும் நாளைக்கி மூஞ்சில முழிக்கணும்யா. அதே பழக்கமாப் பூடுச்சி எனக்கு. ஆனா அன்னிக்கி நான் பண்ணது தப்பு. கடைசி நாள் பேச்சுல நீ மறுபடி சொல்லு. நான் அப்படியே சொல்றேன், ஒரு சொல்லு கூட விடமாட்டேன்." நான் டீ வாங்கி வரச் சொன்னேன். ஊருக்குப் போய் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நானும் வரேன் என்றார்கள். திருப்பதிக்கு அவர்கள் மலையேறுவதற்குத் தவிர வேறு எதற்கும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை. கோடையில் நெஞ்சுவலி என்று உங்கள் மகன் போன் செய்தபோது, பிழைத்து வந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். சித்தூரில் உங்கள் அடக்க ஆராதனையில் போதகர் பேசப் பேச ஒருவர் தெலுங்கில் எடுத்துச் சொன்னார். நடுவில் ஒரு வாக்கியத்தைச் சுத்தமாக விட்டுவிட்டார். எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். உங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

கடைசி நாள் பேச்சுக்கு என்ன செய்வது என்று செயலாளர் கேட்டார். தெலுங்கில் எழுதித் திரையில் காட்டிவிடலாம், இல்லையென்றால் நீங்களே தெலுங்கிலும் பேசிவிடுங்கள், உங்களுக்குத் தெரியாத தெலுங்கா என்றார். எனக்குத் தெலுங்கு தெரியும்தான். ஸ்டுடியோவில் நாள் முழுக்கத் தெலுங்குதான் பேசுகிறேன். தலையைத் தூக்குங்கள், கொஞ்சம் சிரியுங்கள், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கற்றதெல்லாம் பெரிய வீட்டு வாசலில் நின்று கற்றது. ஆகட்டுங்க, வரேங்க, இதோ செய்றேங்க. என்னிடம் உள்ள தெலுங்கு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை அந்த வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லக் கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தேன், அண்ணே. ஒவ்வொரு தடவையும் முடிவில் தானாக ஒரு மரியாதைச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. திரையில் காட்டவும் மனமில்லை. வாயால் சொல்லத்தானே அம்மா கேட்டார்கள்.

அதனால் எந்த ஏற்பாடும் இல்லாமல்தான் சனிக்கிழமை மேடை ஏறினேன். அம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் பேரனைப் பிடித்துக்கொண்டு வந்து அதே முன்வரிசையில் உட்கார்ந்தார். கண்காட்சிக்குக் கொடுத்த கவலைச் சாலைத் திருப்பி எடுத்துப்போக வந்திருந்தார். நீங்கள் காலமான செய்தியைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். ஒரு வாக்கியம் சொல்லி, பழக்கத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் யாருமில்லை.  இரண்டாவது வரிசையில் மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண், நான் மறந்துபோய்விட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, அந்த வாக்கியத்தைத் தெலுங்கில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்ததை வேறொருவர் சொன்னார். அதற்கடுத்ததற்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஏரி, வாய்க்கால், கவலை என்று ஒவ்வொன்றாக அப்படியே போனது. இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

கிணற்றுப் படம் வந்தது. நீங்கள் கேட்ட அதே வாக்கியத்தை, அதே சொற்களில் சொல்லிவிட்டு நிறுத்தினேன். யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெண் குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.  இன்னும் கொஞ்சம் போனால் நானே அடுத்ததற்குப் போயிருப்பேன். அப்போது பெரிய வீட்டுக்காரர் பேசினார். எழுந்திருக்கவில்லை, கைத்தடிமேல் கையை வைத்தபடி, படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மா பாவிலோ வாள்ளனி நீள்ளு தோடுகோனிச்சேவாள்ளம் காது. மேமு போஸேதாகா பிந்தெ பட்டுகுனி நிலபடேவாள்ளு. ஈயன அம்மகூடா."

எங்கள் கிணற்றில் அவர்களைத் தண்ணீர் இறைக்க விட மாட்டோம். நாங்கள் ஊற்றும்வரை குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவருடைய அம்மாவும்கூட. நான் 'யாராவது' என்றுதான் சொல்லியிருந்தேன். 'நாங்கள்' என்று போட்டவர் அவர். ஒரு சொல்லும் விடமாட்டேன் என்றிருந்தீர்கள். அவர் ஒன்றை மாற்றிவிட்டார், அண்ணே, ஆனால் இதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

பேச்சு முடிந்து கவலைச் சாலை ஆட்டோவில் ஏற்றும்போது அவர் என்னிடம் தமிழில் சொன்னார்: "அன்னிக்கே நீ சொன்னது எனக்குப் புரிஞ்சிது. எல்லைல கெடக்கறவன், தமிழ் தெரியாதா எனக்கு? எனக்காகத்தான் அவரு மாத்தினாரு. அந்தப் பாரத்த அவரு தலைல வெச்சிட்டேன்." படத்தைப் பார்த்துச் சொல்லும்போது என்னை இவர் என்றவர், கீழே வந்ததும் நீ என்றுதான் கூப்பிட்டார். எண்பது வயதில் ஒரு நாளைக்கு அவ்வளவுதான் முடியும்போல.

அம்மாவை ஊருக்குக் கூட்டிப்போக நானும் பஸ் ஏறினேன். கேட்டீர்களா அம்மா என்றேன். கேட்டேன் என்றார்கள்.  ரேணிகுண்டா தாண்டிய பிறகு, "உன் கூட்டாளி இருந்து கேட்டிருக்கணும். பாவம், அந்த ஒரு பேச்சுக்கு உங்கிட்ட எவ்ளோ வாங்கிக் கட்டிக்கினாரு" என்றார்கள்.

நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா கேட்டதைவிட அதிகமாகவே அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன், அண்ணே. இப்போதும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.