கட்டைவிரல் கட்டு

சாலை, திருவனந்தபுரம்
18.6.1998

அன்புள்ள அத்தானுக்கு, செண்பகவல்லி எழுதுவது. நானும் மகளும் சுகம். உங்களை வடக்கே வேறு ஜெயிலுக்கு மாற்றியபிறகு இருமல் எப்படி இருக்கிறதோ என்றுதான் கவலை. இதைப் பிரித்துப் பார்க்கப்போகும் ஜெயில் சாருக்கும் என் வணக்கம்.

அனுஷா பத்தாம் வகுப்பு பாஸ். கணக்கில் மட்டும் உங்களைப்போல மட்டம். என்னோடு சண்டை போடுவதுகூட இப்போது மலையாளத்தில்தான். மழை பிடித்துவிட்டதால் வத்தல் காயவில்லை, மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று மண்டியில் சொல்லிவிட்டார்கள். மூன்று நாளும் நான் ஸ்ரீவராகத்துக்கு நடந்தேன். அங்கே திவ்யலட்சுமி என்று ஒரு வக்கீலம்மா இருக்கிறார், தமிழ்க்காரர், அப்பீல் கேஸ் எடுப்பவர்.

உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். "போட்டும் வல்லி, அப்பீலும் கிப்பீலும் வேண்டாம்" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னீர்கள். நினைவிருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் நடந்த அடிதடிக்கு ஏழு வருஷம் ஒழுங்காகக் கழித்த நீங்கள், விடுதலைக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஜெயில் சமையல்கட்டில் கூட இருந்த கைதி நாகேஸ்வரனைக் கொன்றுவிட்டீர்கள் என்று ஆயுள் தண்டனை போட்டார்கள். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். அப்படி என்ன வீம்பு உங்களுக்கு?

வக்கீலம்மா தீர்ப்பை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முந்தின நாள் உங்களுக்கும் நாகேஸ்வரனுக்கும் வாய்த்தகராறு. மறுநாள் காலையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அவன் குத்துப்பட்டுக் கிடந்தான், நீங்கள் அருகில் உட்கார்ந்திருந்தீர்கள். ஓடவிடாமல் காலைக் கட்டிப்போட்டுக் குத்தியதாக வார்டர் சாட்சி. கட்டிய துணி உங்கள் துண்டில் கிழித்தது. நீங்களோ அது என் துண்டே இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். பழைய வக்கீல் அப்படிச் சொல்லிக்கொடுத்தாராமே! அது பொய் என்று தெரிந்ததும், நீங்கள் சொன்ன வேறு எதையும் கோர்ட் நம்பவில்லை.

பிறகு பிரேதப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். கணுக்காலில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டின தடம் கால் கட்டைவிரல் இரண்டிலும் மட்டும்தான், அதுவும் உயிர் போனபிறகு ஏற்பட்டது. கண்கள் மூடியிருந்தன. அந்த இடத்தில் வக்கீலம்மா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவர் மேஜைமேலேயே தலையை வைத்து அழுதுவிட்டேன்.

எங்கள் அப்பா தீபாவளியன்று இறந்தபோது புது வேட்டியின் கரையைக் கிழித்து விரலைக் கட்டியவர் நீங்கள்தானே? இருந்திருந்து இன்றைக்கா புது வேட்டியைக் கிழிக்க வேண்டும் என்று அந்த அழுகையிலும் நான் ஏசினேன். தெருவில் யார் இறந்தாலும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அங்கேயும் நாலுபேரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கொன்றவன் இதைச் செய்வானா? இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறீர்களே, பாவி மனுஷா.

நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு வருஷமும் நீங்கள்தான் செய்திருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். பார்க்க வரும்போதெல்லாம் என் கண் உங்கள் கைமேல்தான் இருந்தது. அதைக் கண்டுகொண்டுதான் அப்பீல் வேண்டாம் என்றீர்களோ என்று இப்போது மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. என்னை மன்னித்துவிடுங்கள் அத்தான்.

எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் அப்பீல் போட இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வக்கீலம்மாவே வக்காலத்துத் தாளோடு அங்கே உங்களைப் பார்க்க வருகிறார். இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுத்துவிடுகிறேன். துண்டு என்னுடையது, செத்தபிறகு நான்தான் கட்டினேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். முத்தாரம்மன் உங்களைக் காப்பாள். எனக்கு ஒரு நாள் வரும்போது என் விரலைக் கட்ட வேறு யாரும் வரக்கூடாது அத்தான். அதற்காவது நீங்கள் வெளியே வரவேண்டும்.

உங்கள்
வல்லி