மூடுபனியில் வராத பஸ்

ப்ளூவார்னெக், பிரான்ஸ்
மே 26

அன்புள்ள வெண்டெலின்,

கோபமாக எழுதுகிறேன், ஆகவே நலம் விசாரிக்கப் போவதில்லை. முட்டி வலி தேவலையா?

வருஷம் தவறாமல் மே கடைசி சனிக்கிழமைதான் நம் சகோதர ஊர்ச் சந்திப்பு. ஒரு வருஷம் நீங்கள் இங்கே, மறு வருஷம் நாங்கள் அங்கே. நேற்று எங்கள் ஊரே சந்தைத் திடலில் உங்கள் பஸ்ஸுக்காக நின்றது. மேயர் மூவண்ணப் பட்டை கட்டி, தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார். சகோதர ஊர்ச் சங்கத்துக்குத் தலைவி நான். அதாவது நாற்காலி அடுக்குகிறவள். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து எங்களைக் கழுத்தளவு முழுங்கியது. வெறும் தலைகள் மிதந்தன. தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் பேண்ட் முழங்கியது. வந்தது மீன் வண்டி. டிரைவர் இறங்கித் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் வைத்தார்.

"ஏன்டி ரோஸென், ஜன்னலுக்குப் புதுத் திரையெல்லாம் தெச்சு வச்சியே, யாருக்குடி? மீன் வண்டிக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு மரிவோன்.

கடைசியாக வந்தபோது என் சமையலறையில் தட்டுத் துடைத்தபடி கேட்டீர்கள்: "நான் பஸ் ஏறாம இங்கயே இருந்துட்டா என்ன?" அடுத்த சந்திப்பில் சொல்கிறேன் என்றேன். பதில் கேட்க ஆள் வரவில்லை. புரிந்துகொண்டேன்.

ரோஸென்

ஏர்லன்மூஸ், ஜெர்மனி
ஜூன் 3

அன்புள்ள ரோஸென்,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வராதது நீங்கள்!

அதே சனிக்கிழமை நாங்களும் ஏரிக்கரையில் காத்து நின்றோம். போன வருஷம் நீங்கள் வர வேண்டிய முறை. காய்ச்சல் பரவியதால் நின்றுபோனது. அந்த முறை பாக்கி என்று நாங்கள் நினைத்தோம். அது போனது போனதுதான் என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள். நாள்தான் மாறுவதே இல்லையே, யார் யாரைக் கேட்பது?

இங்கும் பனிதான். பஸ் வழி தப்பக்கூடாதென்று என் பெரிய பித்தளைக் குழல் டூபாவை ஊதிக்கொண்டே இருந்தேன், மரிவோன் சாக்கடைக் குழாய் என்பாளே, அதை. அக்கரையிலிருந்து ஒரு மாடு பதில் சொன்னது. வீட்டுக்கு வந்து மேசையில் உங்களுக்காக வைத்திருந்த இரண்டாவது தட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். உங்கள் பதில் இதுதான் என்று நானும் புரிந்துகொண்டேன்.

எங்கள் மேயரம்மா, "மொதல்ல அவங்க வந்து மன்னிப்புக் கேக்கட்டும். இல்லன்னா ஊர் எல்லைப் பலகையில சகோதர ஊர்னு போட்டிருக்கிற அவங்க பேரைக் கழட்டிருவேன்" என்கிறார். அதுவரை பஸ் கிடையாதாம். ஊர்கள் சமாதானமாவதற்குள் எனக்குத் தாடி முட்டியைத் தொட்டுவிடும். அந்த முட்டிக்காவது ஒரு துணை கிடைக்கட்டும்.

வெண்டெலின்

ப்ளூவார்னெக்
ஜூன் 9

வெண்டெலின்,

எங்கள் மேயரும் அதையேதான் சொல்கிறார்: "மொதல்ல அவங்க வரட்டும்!" நாற்காலிகளை அடுக்கிவிட்டுத் தலைவி பதவியை மரிவோனிடம் கொடுத்துவிட்டேன். "போடி போ, திரையை மறக்காம எடுத்துக்கோ" என்றாள்.

வரும் ஞாயிறு காலை ரயில் ஏறுகிறேன். இது எந்த ஊரின் முறையும் அல்ல. திரை பெட்டியில் இருக்கிறது. உங்கள் ஜன்னல் சின்னதாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து மடித்துத் தைக்கிறேன். அவசரமில்லை, திரும்பும் டிக்கெட் எடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று. உங்களை எனக்குத் தெரியும்: நீங்களும் அன்றைக்கே கிளம்பி இங்கே வந்து நிற்கிற ஆள். தயவுசெய்து அசையாமல் இருங்கள். திங்கள் மாலை ஏரிக்கரையில் பனி இறங்கினால் டூபாவை ஊதுங்கள். மாடு பதில் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். சத்தம் வரும் பக்கமாக நடந்து வருவேன்.

உங்கள்
ரோஸென்