எதிர் நடைபாதையில் உங்கள் தம்பி

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு முத்தியால்பேட்டையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சாக்கடையை மூடப்போவதாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுக்குச் சித்தப்பா வந்தார். உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜீரியா வரை போனீர்கள். உங்கள் தம்பியோ பிரெஞ்சுக்காரனை இந்த ஊரைவிட்டு அனுப்பக் கொடி பிடித்தார். அதோடு பேச்சு நின்றது. உங்கள் உடல்மேல் பிரெஞ்சுக் கொடி போர்த்தியிருந்ததால், சுடுகாடு வரை எதிர் நடைபாதையிலேயே நடந்து வந்தார். கொள்கையும் கெடவில்லை, உறவும் கெடவில்லை.

போன மாதம் திரைப்படச் சங்கத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்கள். அல்ஜீரியர்கள் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போராடிய கதை. உப்பளம் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். எதிரி தோற்கும் படம் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

திரையில் பிரெஞ்சுப் படை அணிவகுத்து வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கடா உங்கப்பன்? இதுல எவன்?"

"சித்தப்பா, அவங்கல்லாம் நடிகருங்க."

"தெரியும்டா. தேடிப் பாத்தா என்னா?"

"பெருசு, உக்காரு! படம் மறைக்குது," என்றது பின்வரிசை.

பிறகு, போராளிகள் வைத்த குண்டு வெடித்தது. சித்தப்பா கைதட்டியிருக்க வேண்டிய இடம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டான்ல?"

அண்ணன் என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். படம் முடியும்வரை அந்த விடுதலைப் போராட்டத் தியாகி எதிரிப் படையின் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் அங்கே என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், அப்பா? எங்களிடம் அந்த ஊர் வெயிலைப் பற்றி மட்டும்தானே சொன்னீர்கள்?

கடைசியில் மக்கள் கொடிகளோடு தெருவில் திரண்டபோது கைதட்டினார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். எது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக நம் வீடு. சுவரில் மாட்டிய உங்கள் புகைப்படத்தில் மெடல்களைப் பார்த்து, "இத்தனை எதுக்குடா? உசுரோட திரும்பி வந்தானே, அதுக்கு ஒண்ணு குடுத்திருந்தா போதும்," என்றார். அம்மா கொடுத்த காபியில் சர்க்கரை அதிகம் என்று குறை சொல்லிவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தார்.

வரும் ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தன்று, பழைய சிப்பாய்கள் கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்துக்கு நடக்கும்போது உங்கள் மெடல்களை நான் எடுத்துப்போகிறேன். சித்தப்பாவும் வருகிறாராம். "சல்யூட்லாம் அடிக்க மாட்டேன். கூட நடப்பேன், அவ்ளோதான்."

அது போதும், அப்பா. இந்த முறை அவரை எதிர் நடைபாதைக்குப் போக விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன், போன மாதத்திலிருந்து உங்கள் தம்பிக்கும் மகன்.