களத்தோரச் செருப்பு

கடத்தூர்
14.11.2022

திரு. சென்னப்பன் அவர்களுக்கு,

நான் சவுரியப்பன். கொலையுண்ட அருள்குமாரின் தகப்பன். இதைப் படிக்காமலே கிழித்துப்போட உங்களுக்கு உரிமை உண்டு.

மகன் விழுந்த இடத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டுமென்று போன வாரம் சித்தேரிக்குப் பஸ் ஏறினேன். களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கால் வைக்கப் போனேன். செல்லி என்ற அம்மாள், "செருப்ப ஓரமா வுட்டுட்டு வாங்க. தானியம் கெடக்குது" என்றார். கழற்றிவிட்டுப் பார்த்தால், எல்லோருடைய செருப்பும் களத்தோரம் ஜோடி ஜோடியாக இருந்தது.

கோர்ட்டில் காட்டிய போட்டோவில் உங்கள் செருப்பும் அப்படித்தான் இருந்தது. கொன்றுவிட்டு ஓடும்போது விட்டுப்போனது என்றார்கள். ஓடுகிறவன் ஜோடி சேர்த்து வைப்பானா? என் யோசனை தவறாகவும் இருக்கலாம். அன்று நடந்ததை எழுதுவீர்களா?

சவுரியப்பன்


சேலம் சிறை
2.12.2022

ஐயாவுக்கு வணக்கம்.

சாமை அடித்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு வெறுங்காலோடு ஓடினேன். உங்கள் மகன் கிடந்தார். தூக்கியதில்தான் என் சட்டையில் ரத்தம். யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. காலையில் சாமை வாங்க வந்த அவரோடு விலைக்குச் சண்டை போட்டது உண்மை.

செருப்பைப் பற்றிக் கோர்ட்டிலும் சொன்னேன். சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

அப்பீல் கிடக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. இந்த வயதில் நீங்கள் அலைய வேண்டாம்.

சென்னப்பன்


கடத்தூர்
9.8.2023

அன்புள்ள சென்னப்பன்,

சென்னைக்குப் போய் உங்கள் அப்பீல் வக்கீலிடம் செருப்பைப் பற்றி வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். மருமகள் வெண்மதி என்னோடு பேசுவதில்லை. கிளம்பும்போது மட்டும், "செத்தது உங்க மகன்தானே மாமா?" என்றாள். "அதனாலதாம்மா" என்றேன்.

ஒன்றை மறைக்க மனமில்லை. மகனைக் கொன்றவன் என்று நினைத்துக்கொள்ள இத்தனை நாள் உங்கள் முகம் இருந்தது. இனி யாருமில்லை. செய்தது சரிதானா என்று விடியும்வரை யோசிக்கிறேன்.

விடுதலையானால் வீட்டுக்கு வாருங்கள்.

சவுரியப்பன்


சித்தேரி
22.12.2024

ஐயாவுக்கு வணக்கம்.

விடுதலையாகி வெளியே வந்ததும் முதலில் உங்கள் வூட்டுக்குத்தான் வந்தேன். வெண்மதி அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். யாரென்று கேட்டார். வழி தவறி வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். இனி வர மாட்டேன். கோபிக்க வேண்டாம்.

இன்று எங்கள் சாமை அடித்தோம். செல்லி அக்கா, "ஏன்டா வெறுங்கால்லயே சுத்துற? செருப்பு வாங்கக்கூட வக்கில்லையா?" என்று சிரித்தது.

களத்தோரம் இன்னொரு ஜோடி விட மனசு வரவில்லை. உங்களுக்குத் தெரியும், ஐயா.

சென்னப்பன்