வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

குபெர்டினோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரோஷினி,

நேற்று லிவர்மோர் கோவிலுக்குப் போய் உன் பெயருக்கும் மாதவ் பெயருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். போன் போட்டால் நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். அவனையும் வார்டுக்குள் விடக்கூடாது என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாயாம். கட்டின புருஷன் ஆஸ்பத்திரி வாசலில் மெஷின் காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, கேட்கவே பாவமாக இருக்கிறது. மெயிலையாவது திறப்பாய் என்று இதை எழுதுகிறேன்.

கால் போனது வருத்தம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் முதலை இடது காலை, அதுவும் முழங்காலுக்குக் கீழேதான் எடுத்திருக்கிறது. இடுப்பைப் பிடித்திருந்தால் என்ன செய்திருப்பாய்? இங்கே செயற்கைக் கால் வைத்துக்கொண்டு பார்க்கில் ஜாகிங் போகிறார்கள். எனக்கு இரண்டு கால் இருந்தும் மாடி ஏற முடியவில்லை.

கெய்ர்ன்ஸில் வண்டி மலிவு என்று ஃப்ளைட்டில் போய் வாங்கிக்கொண்டு, டார்வினுக்கு வீடு திரும்பும் வழியில் இப்படி ஆகிவிட்டது. மழைக்காலத்தில் என்ன அவசரம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலைக்குள் புது வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்தது நான்தான். என் வீட்டுக்காரர் இப்போது வந்து, நீ பார்த்தது கலிஃபோர்னியா பஞ்சாங்கமாச்சே, அந்த நேரம் ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தாதே என்கிறார். நல்ல நேரம் எங்கே இருந்தாலும் நல்ல நேரம்தான். குற்றம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரும்.

ரோட்டுக்கு மேலே ஓடை ஓடுகிறது, ஒரு நாள் பொறுத்தால் வடிந்துவிடும் என்று பெட்ரோல் பங்கில் சொன்னார்களாம். மாதவ் அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணினான். தண்ணீரில் வண்டியை விடும் முன் ஒருத்தர் நடந்துபோய் ஆழம் பார்க்க வேண்டும் என்று யூடியூபில் பார்த்திருக்கிறான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நீ பவானி ஆற்றில் குதித்து வளர்ந்தவள். அதனால்தான் ரோஷினியை இறங்கச் சொல்லுடா என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீ அங்கே அழுதாய் என்று அவன் சொன்னான். நீ எதற்குத்தான் அழ மாட்டாய், கண்ணு?

உன்னைக் கரைக்கு இழுத்துப் போட்ட லாரிக்காரி, மாதவ் வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்று போலீஸில் சொல்லியிருக்கிறாளாம். அவள் பார்த்தது கடைசியில்தானே. அதுவரைக்கும் அவன் கையை எடுக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். சத்தத்துக்கு அது விட்டுவிடும் என்று நினைத்திருக்கிறான். அவனால் முடிந்ததை அவன் செய்தான்.

எங்கள் கயல் கூட நேற்று சாப்பிடும்போது, மாமா ஏன் போகவில்லை என்று இங்கிலீஷில் கேட்டாள். பெரியவர்கள் விஷயம், தட்டை எடுத்துக்கொண்டு மேலே போ என்று அனுப்பிவிட்டேன்.

இங்கே ரவுண்ட் ராக்கில் வேலை போய், விசா போய், மூட்டை கட்டிக்கொண்டு அவன் டார்வினுக்கு வந்து சேர்ந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போதுதான் அங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆர்.க்கு அப்ளை பண்ணியிருக்கிறான். கேஸ் என்று ஒன்று வந்தால் அவ்வளவுதான். நாளைக்கு அந்தப் போலீஸ்காரி வாக்குமூலம் வாங்க வருவாள். நானாகத்தான் இறங்கினேன் என்று சொல். ஓடைக்கரையில் இருந்த முதலை எச்சரிக்கை போர்டை யாரும் பார்க்கவில்லை என்று சொல். இரண்டே வரி.

அந்த போட்டோதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. தண்ணீரில் இறங்கும் முன் நீ எடுத்து அனுப்பியது, மாதவ் அந்த போர்டில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறானே, அதுதான். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் சிக்னல் கிடைத்ததும் குடும்ப குரூப்பில் வந்து விழுந்தது. சின்ன மாமியார் அதற்கு ஒரு ஹார்ட் வேறு போட்டார். நான் அட்மின் என்பதால் எடுத்துவிட்டேன். உன் போனில் இருப்பதை நீதான் அழிக்க வேண்டும்.

கோபம் வருவது சகஜம். நானும் இவரிடம் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். பிறகு பேசவில்லையா?

வண்டிக்கு ஒரு கீறல் கூட இல்லையாம், அதுவரைக்கும் நல்லது. பூஜை இன்னும் போடவில்லை, உனக்காகத்தான் காத்திருக்கிறது. இந்த முறை டார்வின் நேரத்துக்கே நாள் பார்த்துவிட்டேன். நீ வந்துதான் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிதான், அம்மணி. வலது கால் ஒன்று இருந்தால் போதும், தாராளமாக ஓட்டலாம்.

நூறு வயது தீர்க்க சுமங்கலியாக இரு. மாதவைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

உன் நன்மையையே நினைக்கும்,
புஷ்பவல்லி அக்கா