கையெழுத்துக்கு முன் உனக்கு

அன்புள்ள டல்சி,

நீயும் அம்மாவும் சுகம்தானே? வேலைக்கு வந்த இந்த ஆல்பர்ட்டாவில் எனக்குக் குளிரைத் தவிர வேறு குறையில்லை.

அங்கே நிற்கும் நம் படகைப் பழுதுபார்க்க கிரெடிட் கார்டில் எடுத்த பணம் நாற்பதாயிரம் டாலராக வளர்ந்துவிட்டது. உன்னிடம் மறைத்துவிட்டேன். செவ்வாயன்று, கடன் தீர்க்க வழிசெய்யும் ஹ்ரின்சுக் என்ற அம்மாளைப் பார்த்தேன். திவாலானால் படகு போய்விடுமாம். கடன் கொடுத்தவர்கள் சம்மதித்தால், மூன்றில் ஒரு பங்கை ஐந்து வருடத்தில் கட்டலாம், மீதி தள்ளுபடியாம். இரண்டாவதற்கே கையெழுத்துப் போடப் போனேன்.

“வீட்ல தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்ப பேனாவக் கீழ வைங்க. அஞ்சு வருஷம் அவங்களும்தானே வயித்தக் கட்டணும்?”

வைத்துவிட்டேன். நீ சொல்லாமல் போடமாட்டேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஞாயிறன்று கூப்பிடு, திட்டுவதற்காகவாவது.

உன்
ஆம்ப்ரோஸ்