எதிரணியில் ஏழு பேர் இல்லையாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அக்காவும் இங்கே சுகம், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதி அக்காவிடம் கொடுக்கிறேன், அவள் படம் பிடித்து அனுப்புவாள். பிழை இருந்தால் சிரிக்காதே.

இன்று காலை பல் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், கூடத்து டிவியில் சனிக்கிழமை நீங்கள் ஆடப்போகிற ரக்பி ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். எதிர்த்து வருகிற நாட்டு அணியில் ஏழு பெண்கள் அடிபட்டுப் படுத்துவிட்டார்களாம், தலைவிக்கு முழங்கால், பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கிறவளுக்குத் தோள்பட்டை, மிச்சம் வருவதெல்லாம் புதுப் பிள்ளைகளாம். டிவியில் பேசிய கோட்டுப் போட்டவர் இது உங்களுக்கு நோகாத வெற்றி என்றார். நம்ம பல் டாக்டரும் வெளியே வந்து, உங்க பொண்ணு இடிச்சுப் பல்லு போனவங்களை என்கிட்டயே அனுப்பச் சொல்லுங்கம்மா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உன் போன ஆட்டத்தைக் காட்டினார்கள். ஒருத்தியைப் பிடிக்கக் குனிகிறாய், அவள் முழங்கால் உன் தலையில் இடிக்கிறது, விழுந்த இடத்திலேயே கிடக்கிறாய், கை ஒன்று மட்டும் விறைத்து மேலே நிற்கிறது. என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே. தலைவலி மறதி எதுவும் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள், சனிக்கிழமை ஆடுவாள் என்றார் கோட்டுக்காரர். வாளி கவிழ்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

மறதி இல்லையாம். அந்த ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா சட்டையெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டாய், பெயின்ட் கறை இல்லாததை மாமாவுக்குக் கொடுத்தேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையே புதிதாகக் கேட்டாய். அப்பா போன துக்கத்தில் பிள்ளைக்கு மனசு நிலையில் இல்லை என்று நினைத்து நானும் புதிதாகச் சொல்வது போலவே சொன்னேன். அந்த மனுஷனும் ஏணியிலிருந்து விழுந்துவிட்டு, தலையில லேசாத்தான் தட்டிச்சு, ஒண்ணுமில்லடி என்றுதான் வந்தார். சாப்பிட்டார், படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை. இன்னும் வருஷம் திரும்பவில்லையே மகளே.

அதனால் உனக்குக் கோபம் வருகிற காரியம் ஒன்று செய்துவிட்டேன். அப்பா செய்தியை உன்னிடம் பக்குவமாகச் சொன்னாரே உங்கள் அணி டாக்டரம்மா, அவர் நம்பர் அக்காவிடம் இருந்தது. கூப்பிட்டு இந்தச் சட்டைப் பேச்சைச் சொல்லிவிட்டேன். அவர், நான் மறுபடி சோதிக்கிறேம்மா, என்கிட்ட மறைச்சுட்டா என்றார். பெற்றவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சொன்னாலும் சொல், பேசாமல் இருந்தாலும் இரு. அங்கே ஏழு பேர் இல்லாமல் ஆட வருகிறார்கள், நீங்கள் ஒருத்தி இல்லாமல் ஆடினால் குடி முழுகாது.

தனியாகப் படுக்காதே, கூட இருக்கிற பெண்ணை உன் அறையில் படுக்கச் சொல். டாக்டரம்மா கேட்டால் உள்ளதைச் சொல். தீர்க்காயுசாக இரு, என் ஆயுசும் உனக்கே. சனிக்கிழமை டிவி முன்னால் உட்காருவேன், உன்னை வெளியே பெஞ்சில் ஒரு தடவை காட்டினால் எழுந்து போய் என் வேலையைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நீ திட்டினாலும் உன் அம்மா